கிரேன் நடந்த நடை

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

நானும் உன் அத்தானும் இங்கே சௌக்கியம். நீயும் உன் மனைவி டீச்சரம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் நீ போன் செய்தபோது நான் எடுக்காததற்குக் காரணம் கோபம் இல்லை. நாம் போனில் பேசினால் ஐந்தாவது நிமிடத்தில் சண்டை வருகிறது, ஆறாவது நிமிடத்தில் யார் முதலில் போனை வைத்தது என்று இன்னொரு சண்டை. கடிதம் எழுதும்போதுதான் நமக்கு மரியாதையே வருகிறது. அதனால் இந்த விஷயத்தையும் எழுதியே கேட்கிறேன்.

எங்கள் துறைமுகத்தில் புது உத்தரவு வந்திருக்கிறது. கிரேன் ஓட்டுகிற எல்லோருக்கும் ஏப்ரலில் உடற்தகுதிப் பரிசோதனையாம். ஒரு மரப்பெட்டியில் ஏறி இறங்கச் சொல்வார்கள். பிறகு உட்காரவைத்து, நாடி எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று பார்ப்பார்கள். அடங்காதவர்கள் கிரேனை விட்டுவிட்டுத் தரையில் வேலை பார்க்க வேண்டும்.

உனக்குத் தெரியும், இந்த யார்டில் கிரேன் ஓட்டுகிற ஒரே பெண் நான்தான். பையன்கள் வைத்த பேர் 'மேலக்கா'. கேண்டீன்காரருக்கு என் சொந்தப் பேரே தெரியாது. ஆனால் இத்தனை வருஷம் உட்கார்ந்தே கண்டெய்னர் தூக்கியதில் என் உடம்பு கேபின் நாற்காலியின் வடிவத்துக்கு வந்துவிட்டது. எங்கள் கிரேனுக்கு லிஃப்ட் கிடையாது, ஏணிதான். ஏறி முடித்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு கடலை ரசிப்பதுபோல் கொஞ்ச நேரம் நிற்கிறேன். ரசிப்பதாவது ஒன்றாவது, மூச்சு வாங்குகிறது. இது உனக்கு மட்டும்.

இங்கே பாதிப் பேர் நடையை எண்ணும் கைப்பட்டை கட்டியிருக்கிறார்கள். நீ கடிகாரக் கடைக்காரன். எதை வாங்கலாம், எப்படிக் கட்டலாம் என்று எழுது. என்னைத் திட்டக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. எங்கள் ஃபோர்மேன் கட்டியிருப்பது மீட்டிங் நடுவில் 'எழுந்து நில்' என்று உறுமுகிறது. அவரும் பயந்துபோய் எழுந்து நிற்கிறார்.

என்னைத் தரையில் இறக்கினால் நான் தாங்க மாட்டேன். அதையும் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 11

பாசமுள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் நலம். டீச்சருக்கு மட்டும் தொண்டை கட்டியிருக்கிறது. பள்ளிக்கூடம் அமைதியாக இருப்பதாகக் கேள்வி, வீடும் அப்படித்தான். இதை அவள் படிப்பதற்குள் உறையை ஒட்டிவிடுவேன்.

கைப்பட்டை வாங்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைக் கேட்கிறார்கள். அடுத்து, இன்னும் என்னென்ன சொல்லும் என்று கேட்கிறார்கள். தூக்கம், கவலை, கோபம் எல்லாவற்றையும் சொல்கிறேன் என்பவை வெறும் வாயாடிகள். உனக்கு வேண்டியது இரண்டே. நாடியைப் பார்க்க வேண்டும், வெயிலில் எழுத்துத் தெரிய வேண்டும். ஏணி ஏறும்போது எதிலும் மாட்டக் கூடாது, அதனால் முகம் சின்னதாக, வார் மெத்தென்ற ரப்பராக இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு தடவை சார்ஜ் போட்டால் போதும் என்கிற மாதிரி ஒன்றைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே கட்டு. தழும்பு விழுகிற மாதிரி இறுக்காதே, வளையல் மாதிரி ஆடவும் விடாதே. குளித்ததும் கையையும் பட்டையையும் துடைத்துவிட்டுக் கட்டு, இல்லாவிட்டால் அரிக்கும்.

உன் கணக்கை என் போனிலும் பார்க்க வழி இருக்கிறது. சம்மதம் என்றால் அத்தானிடம் சொல்லி உன் போனில் அதற்கான பொத்தானை அழுத்தச் சொல். உன்னை வேவு பார்க்க மாட்டேன், கை தட்டுவேன்.

என் அக்காவைத் தரையில் இறக்குகிறவன் எவன் என்று நானும் பார்க்கிறேன்.

என்றும் உன்,
தம்பி

மார்ச் 2

அருமைத் தம்பி,

நலம். அத்தானுக்குக் கடைவாய்ப் பல் குடைகிறது, ஆனால் முறுக்கு மாதிரி எதையும் விடுவதாக இல்லை. நீ அனுப்பிய பட்டை கையில் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது. அழகாகவும் இருக்கிறது.

தம்பி, நான் என்னைப் பற்றி என்னவோ நினைத்துப் பயந்துபோயிருந்தேன். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, எனக்கு ஷிஃப்ட் முடிவதற்குள் அது தாண்டிவிடுகிறது. சாயங்காலம் தெருமுனை வரை ஒரு நடை போகலாம் என்றுதான் முதல் வாரம் நினைத்தேன். பட்டையைப் பார்த்தேன், இன்றைய பங்கு முடிந்தது என்று திரையில் பூ உதிர்த்து வாழ்த்துகிறது. அதுவே சொன்ன பிறகு நான் எதற்குக் காலை வலிக்கவைக்க வேண்டும்? காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன்.

ஃபோர்மேன் என் கணக்கைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "மேலக்கா, எப்பதான் நடக்கிறீங்க?" என்று கேட்டார். "நடக்கிறவங்க சொல்லிட்டுத்தான் நடப்பாங்களா?" என்றேன். நாலு பேர் முன்னால் சொன்னேன்.

பொத்தானை அத்தான் அழுத்திவிட்டார். நன்றாகக் கை தட்டு.

ஆசிகளுடன்,
அக்கா

மார்ச் 10

அன்பு அக்கா,

எல்லோரும் நலம். டீச்சருக்குத் தொண்டை திறந்துவிட்டது, வீடு பழையபடி ஆகிவிட்டது.

காலையில் கடையைத் திறந்ததும் நான் பார்ப்பது உன் கணக்கைத்தான். பட்டை வாங்கலாமா வேண்டாமா என்று இழுக்கிறவர்களிடம் போனை நீட்டுகிறேன். "எங்கக்கா. கிரேன் ஓட்டுறாங்க. நாள் முழுக்க வேலை பார்த்துட்டு இவ்வளவு நடக்கிறாங்க" என்கிறேன். இதற்குள் ஏழெட்டுப் பட்டை விற்றுவிட்டது. உன் பேரைச் சொல்லிப் பிழைக்கிறேன் என்று டீச்சர் சொல்கிறாள், சொல்லட்டும்.

எனக்கு இன்னொரு ஆச்சரியமும் உண்டு. இவ்வளவு நடந்தும் உன் நாடி அசைவதே இல்லை. நான் பஸ்ஸுக்கு ஓடினாலே எகிறிவிடுகிறது. உனக்கு யானை இதயம். ஏப்ரலில் அந்தப் பெட்டிதான் களைத்துப்போகும்.

பெருமையுடன்,
தம்பி

ஏப்ரல் 20

தம்பிக்கு,

சுகம். உன் சுகத்துக்கு எழுது. இங்கே வெயில் கொளுத்துகிறது. அத்தான் ஒருவழியாகப் பல்லைப் பிடுங்கிக்கொண்டார், இரண்டு நாள் கஞ்சி குடித்தார். மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள், புதிதாக யாரும் வரவில்லை. தண்ணீர் மோட்டாரை மாற்றினோம்.

பரிசோதனை முடிந்தது.

டீச்சரை விசாரித்ததாகச் சொல்.

அக்கா

ஏப்ரல் 29

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் நலம். அத்தானின் பல் விஷயம் நல்லபடி முடிந்ததில் சந்தோஷம். மோட்டாருக்கு மூடி போட்டு வையுங்கள், மழை வந்தால் கெட்டுவிடும்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

இரண்டு வாரமாக உன் கணக்கு மாறிவிட்டது. முன்பெல்லாம் ஷிஃப்ட் நேரத்தில் அடிகள் குவியும், நாடி மட்டும் உட்கார்ந்திருப்பவரின் நாடியாக இருக்கும். இப்போது அதே நேரத்தில் அடிகள் குறைந்துவிட்டன, நாடி ஏறுகிறது. போன வாரம் ஒருவர் சைக்கிளில் கரடுமுரடான பாதையில் வந்து இறங்கி, தான் நடந்ததாகப் பட்டை காட்டுகிறது என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. நீ பட்டை கட்டியிருப்பது லீவரைத் தள்ளுகிற கையில்தானே? அந்தப் பழைய கிரேன் உன்னை நாற்காலியோடு சேர்த்து உலுக்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அந்த உலுக்கல் ஒவ்வொன்றையும் பட்டை ஓர் அடியாக எண்ணியிருக்கிறது. நடந்தது கிரேன்.

தப்பு என்னுடையது. எந்தக் கையில், என்ன வேலை என்று கேட்டுவிட்டுத்தான் பட்டையைக் கொடுக்க வேண்டும். ஊராரையெல்லாம் கேட்கிறேன், உன்னைக் கேட்கவில்லை. யானை இதயம் என்று வேறு எழுதினேன்.

இப்போது ஷிஃப்ட் நேரத்தில் நீ நடக்கிறாய் என்பது எனக்குத் தெரிகிறது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

உன்,
தம்பி

ஜூன் 12

தம்பிக்கு,

இருக்கிறேன். நீங்களும் நன்றாக இருங்கள்.

ஒன்றரை மாதமாக நான் ஏன் எழுதவில்லை என்று உனக்குத் தெரியும். எல்லாம்தான் உனக்குத் தெரிகிறதே. என் கணக்கு இப்போது உன் போனில் வராது. அத்தானை விட்டு அந்தப் பொத்தானை நிறுத்திவிட்டேன். கேட்கவில்லை, கேட்கவில்லை என்று ஒரு பக்கம் எழுதி என்னைக் கேட்டுவிட்டாய். அதற்குப் பதில், நேராக "ஃபெயிலா?" என்று கேட்டிருந்தால் போனில் நாலு வசை வைது ஆற்றிக்கொண்டிருப்பேன்.

ஆமாம், ஃபெயில். பெட்டியில் ஏறி இறங்கி முடிப்பதற்குள்ளேயே கண் இருட்டியது. உட்காரவைத்தார்கள். டாக்டரம்மா நாடியைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறார், பார்க்கிறார், பார்த்துக்கொண்டே இருக்கிறார். நாடி இறங்க மாட்டேன் என்கிறது. மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை வரச் சொன்னார். அதிலும் இப்படியே ஆனால் கிரேனை மறந்துவிட வேண்டியதுதான். இப்போது தரையில் நின்று கண்டெய்னர் நம்பரைச் சரிபார்த்து, மேலே இருப்பவருக்கு வயர்லெஸ்ஸில் சொல்கிறேன். பையன்கள் இன்னும் 'மேலக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். வேண்டுமென்று செய்யவில்லை, வாய்ப் பழக்கம். ஆனால் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று தைக்கிறது.

என் கிரேனை இப்போது ஒரு புதுப் பையன் ஓட்டுகிறான். நன்றாகத்தான் ஓட்டுகிறான். அதைப் பார்க்கத்தான் பிடிக்கவில்லை.

கோபம் உன் மேல் பாதி. மீதி என் மேல். நடக்காமலே வாழ்த்து வருகிறது என்றால் யோசித்திருக்க வேண்டாமா? பெருமை கண்ணை மறைத்தது. சரி. ஜூலை கடைசியில் மறுபடி பரிசோதனை. இந்தப் பட்டையை வைத்து உருப்படியாக ஏதாவது செய்ய முடியும் என்றால் எழுது. புத்திமதி வேண்டாம், வழியைச் சொல்.

அக்கா

ஜூன் 18

என் அக்காவுக்கு,

நலம். உன் வசவைப் படித்ததும் எங்களுக்கு இன்னும் நலம். டீச்சர், "அப்பாடா, கோபம் வந்திடுச்சு, இனி பயமில்ல" என்றாள்.

வழி இதுதான். அடிகளை மறந்துவிடு. டாக்டர் எண்ணப்போவது அடியை அல்ல, நாடி இறங்குகிற வேகத்தை. அதனால் நீயும் அதைத்தான் பார்க்க வேண்டும். வேலைக்குக் கட்டாதே, உடற்பயிற்சிக்கு மட்டும் கட்டு. முதல் சில நாள் வேகமாக நட. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். பாட முடிந்தால் போதாது, பேச முடியாவிட்டால் அதிகம். பிறகு மாடிப்படி. ஏறி இறங்கி, நின்று, பட்டையைப் பார். ஒரு நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று கவனி. இன்றைக்கு இறங்கியதைவிட அடுத்த வாரம் கூடுதலாக இறங்கினால் உன் இதயம் பாடம் படிக்கிறது என்று அர்த்தம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் படியேறு, நடுவில் சும்மா நட. தலை சுற்றினால், நெஞ்சு அடைத்தால் உட்கார், டாக்டரிடம் போ. வீம்பு பிடிக்காதே. தொடங்குவதற்கு முன்பே ஒரு தடவை டாக்டரம்மாவைக் கேட்டுக்கொள்.

நானும் நடக்கத் தொடங்கியிருக்கிறேன். டீச்சர் கூட வருகிறாள். பேச முடிகிற வேகம் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன், அவள் பேசிக்கொண்டே வருகிறாள்.

பொத்தானை நிறுத்தியது சரிதான். நீ சொன்னால் தெரிந்துகொள்கிறேன்.

தம்பி

ஜூலை 14

அன்புத் தம்பி,

நல்ல சுகம். இந்த வார்த்தையை இன்றைக்கு யோசித்துத்தான் எழுதுகிறேன். நடந்ததில் டீச்சருக்கு முழங்கால் வலி என்று அத்தானிடம் சொன்னாயாமே, இப்போது எப்படி இருக்கிறது? அவளைச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கவிடாதே, ஷூ வாங்கிக் கொடு.

டாக்டரம்மா சரி என்றார். நம் வீட்டு மாடிப்படியில்தான் ஏறுகிறேன். மாடி வீடு காலியாக இருப்பது வசதி, யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அத்தான் கீழ்ப்படியில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்துகொண்டு, "போதும்மா, போதும்மா" என்கிறார். போதும் என்று சொல்வதற்கென்றே ஓர் ஆள். முதல் வாரம் அழுகை வந்தது. மேலே போய்ச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். பட்டையில் நாடி இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. இரண்டாவது வாரம் கொஞ்சம் அசைந்தது. இப்போது நான் நின்றதும் அதுவும் இறங்கத் தொடங்குகிறது. ஒரு நாளைக்கு நான் நடப்பது கிரேன் நடந்ததில் பாதிகூட இல்லை. பட்டை பூ உதிர்ப்பதில்லை. ஆனால் அத்தனையும் நானே நடந்தது, அதனால் அந்தச் சின்ன எண்ணைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது.

இப்போது ஒரு சிக்கல். யார்டில் ஆள் பற்றாக்குறை. ஃபோர்மேன் கூப்பிட்டு ஒன்று சொன்னார். பட்டையில் இரண்டு மாதக் கணக்கு நன்றாக இருந்தால், மறு பரிசோதனை இல்லாமலே டாக்டர் கையெழுத்துப் போடுவாராம். ஏற்கெனவே நாலு பேருக்கு அப்படித்தான் போட்டார்களாம். "உங்க பிப்ரவரி, மார்ச் கணக்குதான் யார்டுலேயே பெருசு, மேலக்கா. ஏப்ரல் பாதிவரை சேர்த்துக் கொடுங்க, அடுத்த நாளே மேல ஏறிடலாம்" என்றார். அவருக்கு விஷயம் தெரியாது, நல்ல மனசோடுதான் சொல்கிறார்.

திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். பரிசோதனைக்குப் போய் மறுபடி ஃபெயில் ஆனால் கிரேன் அவ்வளவுதான். கணக்கைக் கொடுத்தால் கேபின் கைக்கு வந்துவிடும். அது கிரேன் நடந்த நடை என்று யாராவது கண்டுபிடிக்க முடியுமா? கடிகாரக்காரனாகப் பதில் சொல், தம்பியாக அல்ல.

அக்கா

ஜூலை 20

அன்பு அக்கா,

நலம், ஷூ வாங்கியாகிவிட்டது.

உன் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. திங்கட்கிழமை தாண்டிவிடும், ஆனாலும் எழுதுகிறேன். கடிகாரக்காரனாகச் சொன்னால், யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நாடியையும் அடியையும் பக்கத்தில் வைத்து யாரும் பார்ப்பதில்லை. நான் வாயைத் திறக்க மாட்டேன். நீ எதைச் செய்தாலும் நான் உன் பக்கம்தான், அதில் சந்தேகமே வேண்டாம்.

தம்பியாகக் கேட்கவில்லை என்பதால் வேறெதுவும் எழுதவில்லை. எழுதாமல் இருக்கக் கஷ்டமாக இருக்கிறது.

தம்பி

ஆகஸ்ட் 2

என் தம்பிக்கு,

எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். நான் நலமாக இருக்கிறேன், அதைத்தான் இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லப்போகிறேன், பொறுமையாகப் படி.

உன் பதில் வருவதற்கு முன்பே நான் போய்விட்டேன். திங்கட்கிழமை காலையில் பட்டையையும் போனையும் எடுத்துக்கொண்டு டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தேன். கொடுத்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன், உன்னிடம் மறைக்க மாட்டேன். அவர் கணக்கைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். "பிரமாதம். உங்களுக்கு எதுக்கு இன்னொரு டெஸ்ட்?" என்றார். அவர் பிரமாதம் என்று சொன்னதும் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. படியேறி, சுவரில் நெற்றியை வைத்து அழுதவள் நான், பாராட்டு யாருக்கோ போகிறது.

"டாக்டர், இதுல நடந்தது நான் இல்ல, கிரேன்" என்றேன். லீவரையும் உலுக்கலையும் விளக்கினேன். "நான் நடந்தது இங்க இருக்கு" என்று ஜூன் கடைசி, ஜூலைக் கணக்கைத் திறந்து காட்டினேன். அவர் பேனாவை மூடினார்.

"நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"எனக்குத் தெரியுமே, டாக்டர்."

"அப்ப டெஸ்ட்தான். ஃபெயில் ஆனா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"வேணாம். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்."

போன வெள்ளிக்கிழமை பெட்டியில் ஏறினேன். பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார்கள், நாடியை டாக்டரம்மா கையால்தான் பார்ப்பாராம். பாதியில் கால் நடுங்கியது. நம் மாடிப்படியை நினைத்துக்கொண்டேன், கீழ்ப்படியில் அத்தான் "போதும்மா" என்பதுபோல் இருந்தது, அந்த எரிச்சலிலேயே முடித்துவிட்டேன். உட்காரவைத்து நாடியைப் பிடித்தார். இந்தத் தடவை அவர் கடிகாரத்தை ரொம்ப நேரம் பார்க்கவில்லை. "இறங்கிடுச்சு" என்றார். கையெழுத்துப் போட்டார்.

பாஸ், தம்பி. உன் அக்கா பாஸ்.

கூடவே ஒரு வம்பும் வந்து சேர்ந்தது. பட்டைக் கணக்கைக் காட்டிக் கையெழுத்து வாங்கிய அந்த நாலு பேரையும் மறுபடி பெட்டியில் ஏறச் சொல்லிவிட்டார் டாக்டரம்மா. அதில் ஃபோர்மேனின் மச்சானும் ஒருவன். இப்போது என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். கேண்டீனில் என் மேஜைக்கு யாரும் வருவதில்லை. இரண்டு நாள் வருத்தமாகத்தான் இருந்தது. நேற்று அவர்களில் ஒருவன் மட்டும் தயங்கித் தயங்கி வந்து, படியேறும்போது கைப்பிடியைப் பிடிக்கலாமா கூடாதா என்று கேட்டுவிட்டுப் போனான்.

இன்று காலை ஏணி ஏறினேன். மேலே போய்க் கதவைப் பிடிக்கவில்லை, நேராக உள்ளே போய் உட்கார்ந்தேன். ஷிஃப்ட் தொடங்கும்போது தரையில் இருப்பவர் வயர்லெஸ்ஸில் "மேல யாரு?" என்று கேட்பது வழக்கம். யார் ஓட்டுகிறார்கள் என்று தெரியாமல் கண்டெய்னரைக் கொக்கியில் மாட்ட மாட்டார்கள். இந்த மூன்று மாதமும் தினமும் அந்தக் கேள்வியைக் கேட்டவள் நான்தான். ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவன் பேரைச் சொல்வான், நான் எழுதிக்கொள்வேன். இன்று வயர்லெஸ் கரகரத்தது, "மேல யாரு?" என்று கேட்டார்கள்.

நாற்காலியை முன்னால் இழுத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். கீழே மறுபடி கேட்டார்கள்.

"நான்தான்" என்றேன்.

தம்பி, எனக்கு என்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. இதை வேறு யாரிடம் சொன்னாலும் திமிர் என்பார்கள். டீச்சருக்கும் உனக்கும் என் அன்பு.

மேலிருந்து,
உன் அக்கா